தங்கக் கட்டியும் சலாமியாவும்

தமிழில் உளவுப்படம் என்றதும் பெரும்பாலோர் சொல்லும் பெயர் ‘விக்ரம்’. 1986 மே 29 அன்று வெளிவந்தது. சுஜாதாவின் கதை, குமுதத்தில் தொடர், ராஜசேகரின் இயக்கம், இளையராஜாவின் இசை, அன்றைய கணக்கில் மலைக்கவைக்கும் செலவு. அந்தப் படத்தை மதிப்பவன்தான் நான். ஆனாலும் அதற்கு இருபது வருடம் முன்பே, பத்தில் ஒரு பங்கு வசதிகூட இல்லாமல் எடுக்கப்பட்ட ஜெய்சங்கர் படங்களில் இருந்த ஒரு பலம் அதன் பின்பாதியில் இல்லை. கையில் காசு குறைவாக இருந்தபோது உளவுக்கதை நம் மண்ணிலேயே எதிரியைத் தேடியது; காசு வந்ததும் எல்லை தாண்டிப் போய்விட்டது.

டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு மலையடிவாரத்தில் தனக்கென்று தளங்களும் மாதச் சம்பள ஊழியர்களும் வைத்திருந்த நிறுவனம். ஜெய்சங்கரின் ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சிஐடி சங்கர்’ (1970) இரண்டும் அங்கே உருவானவை. இரண்டாவது படத்தில் நடித்த சகுந்தலாவுக்கு ‘சிஐடி’ என்பது கடைசிவரை பெயரோடு ஒட்டிக்கொண்டது. இந்தப் படங்கள் சிக்கனமாக முடிந்ததற்குச் சொந்த ஸ்டுடியோ ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணத்தைச் சட்டமே தந்தது. அறுபதுகளில் தொடங்கி 1968ஆம் ஆண்டுத் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இறுகிய விதிகளின்படி, தனியார் ஒருவர் தங்கக் கட்டி வைத்திருப்பதே குற்றம். மேசைமேல் ஒரு பெட்டியைத் திறந்து மஞ்சள் கட்டிகளைக் காட்டினால் போதும். வில்லன் யார், சரக்கு எந்த வழியாக வந்தது, அரசாங்கம் ஏன் ஆள் அனுப்பியது என்று வசனமே இல்லாமல் விளங்கிவிடும். மரக்கட்டையில் தங்க வண்ணம் பூசினால் சாமான் தயார். அந்தச் சட்டம் 1990இல் நீங்கியதும், தங்க பிஸ்கட் கடத்தும் வில்லன்களும் திரையிலிருந்து மெல்லக் காணாமல் போனார்கள்.

மன்னார் வளைகுடாக் கரையில் இருந்தவர்களுக்கு இது வெறும் கற்பனையாகத் தெரிந்திருக்க வழியில்லை. தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்திலிருந்து பெரியதாழையும் மணப்பாடும் கிட்டத்தில். கடலுக்கு அப்பால் இலங்கை. சுங்கத்துறை, படகு, இரவில் இறங்கும் சரக்கு என்பதெல்லாம் இங்கே செய்தித்தாளில் வருகிற சொற்கள். இப்படிப்பட்ட கதைகள் கடற்கரை மக்களைக் கடத்தல்காரர்களாகக் காட்டுகின்றன என்ற மனத்தாங்கல் நியாயமானதே. பின்னாளில் வந்த பல படங்கள் அந்தப் பழிக்கு ஆளானவைதான். ஆனால் பழைய சிஐடி படங்களின் வழக்கமான வில்லன் கோட்டு சூட்டு போட்ட நகரத்துப் பணக்காரன், ஊருக்குப் பெரிய மனிதன். சரக்கைச் சுமந்தவனை விட்டுவிட்டு லாபத்தைச் சுமந்தவனைத் தேடிப் போனது அந்தக் கதை. இந்த விஷயத்தில் அவற்றின் நேர்மை பெரியது.

எல்லாமே ஜேம்ஸ் பாண்டின் நகல்தானே என்று கேட்கலாம். உருவம் நகல்தான், கிளப் நடனமும் ரகசியக் கதவும் சிவப்பு விளக்கு எரியும் பலகையும் மேற்கிலிருந்து வந்தவையே. ஆனால் 1962இல் வந்த முதல் பாண்ட் படமான ‘டாக்டர் நோ’வும் சுமார் பத்து லட்சம் டாலரில் இறுக்கிப்பிடித்து எடுத்த படம். பிரிட்டன் கையில் இருந்த ஜமைக்காவையே அது களமாக்கியது. சேலத்துக்காரர்களும் அதே புத்தியோடுதான் நடந்துகொண்டார்கள்.

‘விக்ரம்’ படத்துக்கே வருவோம். அதன் முன்பாதியில் அக்னிபுத்திரன் என்ற ஏவுகணை களவு போகிறது. உளவுத்துறை அலுவலகம், கணிப்பொறி அறிந்த ப்ரீத்தி, சத்யராஜின் சுகிர்தராஜா என்று எல்லாம் இறுக்கமாக நகர்கிறது. நிஜமான ‘அக்னி’ ஏவுகணை சந்திப்பூரிலிருந்து 1989 மே மாதம்தான் முதலில் பறந்தது. பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதா மூன்று வருடம் முந்திக்கொண்டார். அந்தக் காட்சிகளுக்கு மேசை, திரை, நல்ல வசனம் போதும். பிறகு கதை சலாமியா என்ற இல்லாத நாட்டுக்குப் போகிறது. ராஜா, இளவரசி, புதிதாக உண்டாக்கிய மொழி, அதை விளக்க ஜனகராஜ். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் மிரட்டலே புரியாத இடத்தில் பதற்றம் எப்படி நிற்கும்? அந்தக் கற்பனைதான் படத்தின் தனி அழகு என்பவர்கள் உண்டு. அந்தத் துணிச்சலை நானும் மெச்சுகிறேன். ஆனால் உளவாளி எதைக் காக்கப் போனான் என்பது அங்கே மறந்துபோகிறது.

இதே வழுக்கல் தூத்துக்குடி மாவட்டத்துக் கதையிலும் நடந்தது. ஹரியின் ‘சிங்கம் 2’ (2013) படத்தில் போலீஸ் அதிகாரி துரைசிங்கம் தூத்துக்குடிப் பள்ளியில் என்சிசி அதிகாரியாக இருந்துகொண்டு துறைமுகத்தை வேவு பார்க்கிறார். காக்கியைக் கழற்றிவிட்டு மாணவர்களோடு நிற்கும் அந்த வேடம் அசல் உளவுக்கதை, செலவும் அதிகமில்லை. படம் தென்னாப்பிரிக்கா போனபின் மிஞ்சியது துரத்தல்தான்.

கடத்தல் காலம் முடிந்துவிட்டதே, இனி எதை வைத்துக் கதை பண்ணுவது என்பது கடைசி ஆட்சேபம். முடியவில்லை. இறக்குமதி வரி ஏறியதும் தங்கம் திரும்பக் கடல்வழி வந்தது. 2023இல் மண்டபம் அருகே படகிலிருந்து கடலில் வீசப்பட்ட தங்கத்தை முக்குளிப்போரை இறக்கி மேலே கொண்டுவந்தார்கள். முத்துக்குளித்த கடலில் தங்கத்துக்கு முக்குளிப்பது: எந்தக் கதாசிரியர் இதைவிட நல்ல தொடக்கத்தை எழுதிவிட முடியும்? சலாமியாவின் பாலைக்கு ராஜஸ்தான் வரை போனார்கள். சாத்தான்குளம் பக்கத்திலேயே குதிரைமொழித் தேரி செம்மணல் மேடாகக் கிடக்கிறது. ஒரு கேமராவும் ஒரு ஜீப்பும் இருந்தால் துரத்தல் காட்சியை அங்கே எடுத்துவிடலாம்.