பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் கவனத்திற்கு: முதல் ரூபாய் பிரேக்குக்கு!

பங்காருபாளையம் – பெங்களூரிலிருந்து சித்தூர் நோக்கி வரும் நெடுஞ்சாலை முல்பாகலைத் தாண்டி, பலமநேர் மேட்டுநிலத்தைக் கடந்து, மொகிலி மலைச்சாலையில் வளைந்து இறங்குகிறது. இறக்கம் முடிந்து சற்றுத் தூரம் வந்தால் மாம்பழ மண்டிக்குப் பேர் போன பங்காருபாளையம். சுமை லாரி ஓட்டுபவர்கள் இந்த இறக்கத்தில் கியரைக் குறைத்துக்கொண்டு மெதுவாகத்தான் வருவார்கள். 2024 செப்டம்பரில் இதே மலைச்சாலையில் பேருந்தும் லாரியும் மோதிப் பலர் உயிரிழந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

பழைய கார் ஒன்றை வாங்கி, அதைக் கொஞ்சம் வேகமாக ஓடும்படி செய்துகொள்ள வேண்டும் என்ற ஆசை உள்ளவர்களுக்கு இந்தச் சாலையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஏறும்போது எஞ்சினின் யோக்கியதை தெரியும். இறங்கும்போது பிரேக்கின் யோக்கியதை தெரியும். ஏற முடியாத கார் ஓரமாக நின்றுவிடும், அவ்வளவுதான். நிற்க முடியாத கார் என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஏழைக்கேற்ற பந்தயக் கார்

நம் நாட்டில் அசல் ஸ்போர்ட்ஸ் கார் என்பது நெடுங்காலம் சாதாரண மனிதனின் கைக்கு எட்டாத பண்டமாகவே இருந்தது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு, செய்தாலும் வரி. ஆகவே நம்மவர்கள் வீட்டுக் காரையே பந்தயக் காராக்கினார்கள்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1950களிலிருந்து அங்கே மோட்டார் பந்தயம் நடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை ஆண்டுதோறும் நடத்தி வந்தது. 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் அமையும் வரை, தென்னாட்டு வேகப் பிரியர்களுக்குச் சோழவரமே திருவிழாக் களம். அங்கே ஓடியவற்றில் பல, மறுநாள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகக்கூடிய கார்கள்தாம்.

அவற்றில் இரண்டைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஒன்று சென்னையில் பிறந்தது. மற்றொன்று பெங்களூரில் பிறந்தது. பங்காருபாளையமோ அந்த இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட சாலையில் இருக்கிறது.

சென்னையில் பிறந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிகெலாட்டி. 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இதை வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் தயாரித்தது. எஞ்சின் 948 சி.சி. முன்மூடி முழுவதும் சக்கர மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும். மெக்கானிக் டயர் மீது உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். இதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் உடலைப் பொருத்தித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற பிரபல ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் செய்தார்கள். ஆக, நம் ஊர் ஹெரால்டு அந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு உடன்பிறந்த மூத்தது.

பெங்களூரில் பிறந்தது சிபானி டால்ஃபின். 1982இல் வந்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன் காரைத் தழுவியது. 848 சி.சி. அலுமினிய எஞ்சின், கண்ணாடி இழை உடல், பின்சக்கர இயக்கம். எடை குறைவு என்பதால் பந்தயக்காரர்களுக்கு இது பிடித்துப்போயிற்று. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு விற்பனையில் டால்ஃபினால் ஈடுகொடுக்க முடியவில்லை.

அந்த மாருதி 800 மட்டும் சளைத்ததா? கோவை கரிவர்தன் 1988இல் அதன் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். அதுதான் ஃபார்முலா மாருதி. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இந்தியாவின் முதல் வீரராக இறங்கிய நரேன் கார்த்திகேயன், தொடக்கக் காலத்தில் ஓட்டியது இந்த ஃபார்முலா மாருதியைத்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பெயின்டைப் பார்த்து மயங்கக் கூடாது. பளபளப்பு இரண்டு நாள் வேலை. ஒரு ஸ்குரூடிரைவரையும் டார்ச் விளக்கையும் எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுக்க வேண்டும். ஹெரால்டில் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும், டால்ஃபினில் கண்ணாடி இழை உடலுக்குக் கீழே மறைந்திருக்கும் இரும்புச் சட்டமும்தான் துருப்பிடிக்கும் இடங்கள். கண்ணாடி இழைக்குத் துரு கிடையாது என்பது உண்மை. ஆனால் அதைத் தாங்கும் சட்டத்துக்கு உண்டு. குத்திப் பார்த்தால் இரும்பு உள்ளே போகிறதா? அந்தக் கார் வேண்டாம்.

அடுத்து, பிரேக் பெடலை ஒரு நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். கால் மெள்ள மெள்ளக் கீழே இறங்கினால் எங்கோ ஆயில் கசிகிறது. இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்துவிட்டது என்று பொருள். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. கட்டை நன்றாக இருந்தாலும் பத்து வயதான டயரை நம்பி மலை இறங்கலாகாது.

ஹெரால்டு வாங்குகிறவர் மறக்கக் கூடாத சங்கதி ஒன்று உண்டு. முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் கீழ்முனை, வெண்கலக் கூடு ஒன்றுக்குள் மரையில் திரும்புகிறது. இதற்கு டிரன்னியன் என்று பெயர். இதற்குக் கிரீஸ் அல்ல, கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் துப்பாக்கி கையில் இருக்கிறதே என்று பட்டறையில் கிரீஸை அடித்துவிடுவதுண்டு. கிரீஸ் மரைக்குள் சரியாகப் பரவாது. தண்ணீர் சேர்ந்து தண்டு அரிக்கும். ஒரு நாள் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இதைத் தடுக்கும் செலவு ஒரு குவளை ஆயில்.

எதை முதலில் மாற்றுவது?

கையில் உள்ள பணம் முழுவதையும் கார்க்காரரிடம் கொடுத்துவிட்டு வருவது பெரும் தவறு. மூன்றில் ஒரு பங்கையாவது வேலைக்கு ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பங்கிலும் முதல் செலவு பிரேக்குக்கு. இரண்டு கார்புரேட்டர், பெரிய சைலன்ஸர் எல்லாம் பிறகு.

காரணம் எளிது. வேகம் இரு மடங்கானால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய சூடு நான்கு மடங்காகிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போன காரை 80இல் ஓட்டினால், அதே பிரேக்குக்கு நான்கு மடங்கு வேலை. மலை இறக்கத்தில் இந்தச் சூடு ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. டிரம் காய்ந்துபோனால் ஷூ பிடிக்காது. பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. பழைய ஆயில் சீக்கிரமே கொதித்துக் குமிழியாகும். பெடல் வெறுமனே தரையைத் தொடும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை முழுக்க மாற்றுவதும், ரப்பர் ஹோஸ்களையும் வீல் சிலிண்டர்களையும் புதிதாகப் போடுவதும் ஆடம்பரம் அல்ல.

ஸ்பிட்ஃபயரில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் உண்டு. உறவுமுறைக் காராகையால் அந்தச் சாமான்களை, சக்கரம் தாங்கும் தண்டோடு சேர்த்து, ஹெரால்டில் பொருத்த முடியும். இங்கிலாந்தில் இந்த உதிரிகள் இன்றும் விற்பனையாகின்றன. வரவழைக்கும் செலவு மட்டும் கடிக்கும்.

இரண்டாவது செலவு டயர். நல்ல ரேடியல் டயர் நான்கும் ஒரே மாதிரி. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஊஞ்சல் போல் ஆடும் அச்சில் நிற்கின்றன. வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று ஆக்ஸிலேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரம் உட்புறமாக மடங்கி, வண்டியின் பின்பாகம் எழும்பும். 1970இல் வந்த நான்காம் மாடல் ஸ்பிட்ஃபயரில் பின் ஸ்பிரிங் பட்டா அமைப்பை மாற்றி இந்தக் குணத்தை அடக்கினார்கள். நம் நாட்டில் ஹெரால்டுக்குப் பின் வந்த கெஸல் காரில், நம் சாலைகளுக்கு ஏற்றபடி கெட்டியான பின் அச்சையே வைத்தார்கள். மாற்ற வசதி இல்லாதவர்கள் ஒன்று செய்யலாம்: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவது. இதற்குக் காசு வேண்டாம்.

மூன்றாவது, எஞ்சின் சூடு. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, மின்விசிறி ஒன்றைப் பொருத்தினால் பலமநேர் ஏற்றத்தில் கொதிக்காது. டால்ஃபினின் அலுமினிய எஞ்சினுக்கு இது உயிர்நாடி. ஒரு முறை கொதித்தால் ஹெட் வளையும். 2025 முதல் நாடெங்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைப்பதால், பழைய பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் ரப்பரில் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் குழாய் ஊறி, சூடான எஞ்சின் மீது பெட்ரோல் சொட்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு பணம் மிஞ்சினால், எஞ்சினைத் தொடலாம்.

காகிதங்கள்

வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இதுதான் தலைவலி. தமிழ்நாட்டில் கார் வாங்கிச் சித்தூருக்கோ பெங்களூருக்கோ கொண்டுவருவோர், விற்றவரிடம் கையெழுத்திட்ட 29, 30ஆம் எண் படிவங்களோடு, 28ஆம் எண் படிவத்தில் அந்த ஊர் ஆர்.டி.ஓ. தரும் ஆட்சேபணையின்மைச் சான்றையும் கையோடு வாங்கிவிட வேண்டும். ‘அப்புறம் அனுப்புகிறேன்’ என்ற பேச்சை நம்பி வந்தவர்கள் அலைந்தது அதிகம். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால், அந்த மாநிலத்துப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். அங்குள்ள வரியும் கட்ட வேண்டும். கார் கைமாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் தம் பெயருக்கு மாற்ற மனுச் செய்ய வேண்டும்.

பதிவு 15 ஆண்டுக்கு; அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025இல் 10,000 ஆக்கப்பட்டது. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. கடைசியாக வந்த வண்டிக்கும் 2029இல் 15 வயது முடியும் என்பதை வாங்குவோர் கணக்கில் கொள்ள வேண்டும்.

காரை மாற்றி அமைப்பதிலும் எல்லை உண்டு. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாகக் காரைத் திருத்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடம் தரவில்லை. உச்ச நீதிமன்றம் 2019இல் இதை உறுதி செய்தது. எஞ்சினையே மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. அனுமதி முன்கூட்டியே வேண்டும். 50 ஆண்டு கடந்த ஹெரால்டுகளுக்கு 2021இல் வந்த விதிகளின்படி ‘விண்டேஜ்’ பதிவு கிடைக்கும். ஆனால் சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அன்றாடம் ஓட்டவும் முடியாது. ஆகவே, கழற்றிய அசல் சாமான்களைக் காயலான் கடைக்குப் போடாமல் பரணில் பத்திரப்படுத்துவது புத்திசாலித்தனம்.

எதை வாங்கலாம்?

மாதச் சம்பளக்காரர், தினமும் ஓட்ட வேண்டும் என்றால் மாருதி 800. சாமான் எங்கும் கிடைக்கும்; வேலை தெரியாத மெக்கானிக் கிடையாது. பொறுமையும், ஞாயிற்றுக்கிழமைகளும், சென்னைப் புதுப்பேட்டையிலோ பெங்களூர் ஜே.சி. ரோட்டிலோ அலையும் தெம்பும் உள்ளவருக்கு ஹெரால்டு. தேடிக் கண்டுபிடிக்கும் அதிர்ஷ்டசாலிக்கு டால்ஃபின்.

எதை வாங்கினாலும், வேலை முடிந்ததும் ஒரு விடியற்காலை பலமநேரிலிருந்து கீழே இறங்கிப் பார்க்கலாம். இரண்டாவது கியரில், பெடலை விட்டு விட்டு மிதித்து, நிதானமாக. பங்காருபாளையம் வந்ததும் ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்கு அருகே கையை நீட்டிப் பார்க்க வேண்டும். நான்கிலும் ஒரே அளவு சூடுதான் இருக்கிறது, எரிந்த வாடை இல்லை, பெடல் புறப்பட்டபோது இருந்த உயரத்திலேயே நிற்கிறது என்றால் கார் தயார். ஒரு சக்கரம் மட்டும் தகித்தால், வீட்டாரை ஏற்றுவதற்கு முன் பட்டறைக்குத் திரும்பிப் போக வேண்டும்.