ரெபெக்கா மெர்குரி

ரெபெக்கா மெர்குரி அமெரிக்கக் கணினி அறிவியலாளர். மின்னணு வாக்குப்பதிவின் பாதுகாப்பை ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இப்பொருள் குறித்த முனைவர் பட்ட ஆய்வை 2000 அக்டோபரில் முடித்தார். அடுத்த மாதமே அதிபர் தேர்தல். புளோரிடாவில் சரியாகத் துளைபடாத வாக்கு அட்டைகளால் முடிவு ஐந்து வாரம் இழுபட்டது. அதன்பின் பல மாநிலங்கள் தொடுதிரை இயந்திரங்களை நாடின.

மெர்குரி எழுப்பிய கேள்வி எளியது: திரையில் தெரிவதே நினைவகத்திலும் பதிந்தது என்று வாக்காளர் எப்படி அறிவார்? வங்கிக் கணக்கில் பிழை வந்தால் பெயரை வைத்துச் சரிபார்க்கலாம். வாக்கோ இரகசியமானது, பதிவான பின் யாருடையது என்று தேட இயலாது. தாள் இல்லாத இயந்திரத்தில் மறு எண்ணிக்கை என்பது, விடைத்தாளைக் கிழித்துவிட்டு மதிப்பெண் பட்டியலை மட்டும் மறுபடி படிப்பது போன்றதே.

இவர் முன்வைத்த தீர்வு 'மெர்குரி முறை' எனப்படுகிறது. இயந்திரம் வாக்கைத் தாளில் அச்சிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் காட்டும். வாக்காளர் அதைத் தொடவோ எடுத்துச் செல்லவோ முடியாது. சரியாக இருந்தால் தாள் பெட்டியில் விழும். தவறாக இருந்தால் அலுவலரை அழைத்து அதை நீக்கச் செய்து மீண்டும் வாக்களிக்கலாம். ஐயம் எழுந்தால் தாளே இறுதிச் சான்று.

இந்தியாவில் 2013இல் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்ட விவிபாட் கருவியிலும் சீட்டு கண்ணாடிக்குப் பின் 7 வினாடி தெரியும். ஆனால் தவறைக் கண்டால் புகார் செய்யலாமே தவிர, வாக்காளரால் சீட்டை நிறுத்த முடியாது. அது தானே பெட்டிக்குள் விழுந்துவிடும். 2019 மக்களவைத் தேர்தல் முதல், சட்டமன்றத் தொகுதிக்கு 5 வாக்குச்சாவடிகளின் சீட்டுகள் எண்ணிச் சரிபார்க்கப்படுகின்றன.