வீட்டிலேயே பீர் தயாரிக்கலாமா? பனங்காட்டுக் கலயம் சொல்லும் பதில்

ஒரு பெரிய வாளி, கொஞ்சம் முளைகட்டிய பார்லி, ஒரு பாக்கெட் ஈஸ்ட், மூணு நாலு வாரப் பொறுமை. ‘ஹோம் ப்ரூயிங்’ என்று யூடியூபில் தேடினால் வரும் வீடியோக்கள் சொல்லும் கணக்கு இவ்வளவுதான். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மாடித்தோட்டம், மீன்தொட்டி மாதிரி இதுவும் ஒரு வீட்டுப் பொழுதுபோக்கு. பெங்களூரு வேலையோடு ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’ என்று பாளையங்கோட்டைக்குத் திரும்பிய ஐ.டி. ஊழியருக்கு, “நாமளும் செஞ்சு பார்த்தா என்ன?” என்று தோன்றுவது இயல்பு.

பதில் சுருக்கமானது: செய்யக் கூடாது. தமிழ்நாட்டில் அது குற்றம். விற்பதற்காக இல்லை, நாமே குடிக்க ஒரே ஒரு பாட்டில்தான் என்றாலும் குற்றமே.

ஏன் இப்படி? இதைப் புரிந்துகொள்ள நெல்லைக்காரர்கள் அமெரிக்கா வரை போக வேண்டாம். நெல்லும் வாழையும் விளையும் தாமிரபரணிக் கரையை விட்டுத் தெற்கே, திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி பக்கத்துச் செம்மண் தேரிக்குப் போனால் போதும். அங்கே பனை மரத்தின் உச்சியில் தொங்கும் கலயத்துக்குள் இதே கேள்விதான் தினமும் நுரைத்துக்கொண்டிருக்கிறது.

வாளிக்குள் என்ன நடக்கிறது?

பீரின் அடிப்படை, தானியத்தில் இருக்கும் மாவுச்சத்து. ஈஸ்ட் மாவுச்சத்தைத் தின்னாது. அதற்குச் சர்க்கரை வேண்டும். அதனால் பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்துகிறார்கள். இதுதான் ‘மால்ட்’. இதை இடித்து, சுமார் 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால், முளைக்கும்போது உருவான நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும்.

அந்த இனிப்புத் தண்ணீரை வடித்து, கசப்புக்கும் மணத்துக்கும் ‘ஹாப்ஸ்’ பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து மூடினால் மீதி வேலையை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியேற்றும். ஒன்றிரண்டு வாரம் நொதித்த பிறகு, கொஞ்சம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்து, இன்னும் ஒன்றிரண்டு வாரம் விட்டால் நுரை வரும்.

‘ஏல்’ வகை பீருக்கான ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரை தோதான வெப்பம். நெல்லையின் சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் வைத்தால், ஈஸ்ட் வேகமாக வேலை செய்து, குடிக்கும்போது காட்டமாக, தலைவலி தரும் வேறு வகை ஆல்கஹால்களையும் சேர்த்தே உருவாக்கிவிடும். நொதித்து முடியாமல் பாட்டிலில் அடைத்தாலும், சர்க்கரை அளவு கூடினாலும், உள்ளே வாயு அழுத்தம் ஏறி பாட்டில் வெடிக்கவும் செய்யும்.

பனையில் அதுவே எப்படி நடக்கிறது?

பனைக்கு மால்ட்டும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். பாளையைச் சீவினால் சொட்டும் சாற்றில் சர்க்கரை தயாராகவே இருக்கிறது. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சாறு விழுந்த உடனேயே வேலையைத் தொடங்கிவிடும். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான், இங்கே உறை கலயத்திலேயே இருக்கிறது. சில மணி நேரத்தில் புளிப்பும் நுரையும் வந்து சாறு கள்ளாகிவிடும். ஒரு நாளுக்குள் ஆல்கஹால் ஏறக்குறைய சாதாரண பீரின் அளவுக்கு வந்துவிடும். அப்படியே விட்டால் அடுத்து அது காடிதான்.

அதாவது, கள் என்பது யாரும் ‘தயாரிப்பது’ அல்ல. தடுக்காவிட்டால் தானாக நடந்துவிடுவது.

தடுப்பதற்குத்தான் சுண்ணாம்பு. கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசினால் சாற்றின் காரத்தன்மை கூடி, நுண்ணுயிர்களால் வளர முடியாது. சாறு இனிப்பாகவே இருக்கும். அதுதான் பதநீர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. புவிசார் குறியீடு பெற்ற உடன்குடி கருப்பட்டியின் தொடக்கமும் இந்தச் சுண்ணாம்புப் பூச்சில்தான்.

ஒரே மரம், ஒரே பாளை, ஒரே பனையேறி. கலயத்தில் சுண்ணாம்பு இருந்தால் அது தொழில். இல்லாவிட்டால் வழக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. டாஸ்மாக் கடைகள் ஊரெல்லாம் இருக்கும் மாநிலத்தில் ‘மதுவிலக்குச் சட்டம்’ என்ற பெயர் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான். மது எல்லாமே தடை, அரசு உரிமம் கொடுத்தது மட்டும் விலக்கு என்பதே அதன் அமைப்பு.

இந்தச் சட்டத்தில் ‘மது’ என்ற சொல்லுக்குள் கள், பீர், ஒயின், சாராயம் மட்டுமல்ல, ஆல்கஹால் கலந்த எல்லாத் திரவங்களும் அடங்கும். பிரிவு 4 மது தயாரிப்பதையும், கள் இறக்குவதையும், அவற்றுக்கான மூலப்பொருள், பாத்திரம், கருவிகளை வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. ‘சொந்த உபயோகத்துக்கு இத்தனை லிட்டர் வரை செய்துகொள்ளலாம்’ என்று வீட்டு பீருக்கு எந்தச் சலுகையும் இல்லை.

ஆக, ஆன்லைனில் வாங்கிய ‘ப்ரூயிங் கிட்’டில் நுரைத்துக்கொண்டிருப்பது வாங்கியவருக்கு ஹாபி. காவல் துறையின் மொழியில் அதற்கு வேறு பெயர்: ‘ஊறல்’. செய்தித்தாளில் அடிக்கடி வரும் ‘சாராய ஊறல் அழிப்பு’ என்ற வரியில் இருக்கும் அதே ஊறல்.

இந்த நிலை எப்படி வந்தது?

ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-ல் மாகாணம் முழுக்க விரிவானது. 1971-ல் கருணாநிதி அரசு அதைத் தளர்த்தியது. ஓரிரு ஆண்டுகளிலேயே படிப்படியாகத் தடை திரும்பியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1981-ல் கள், சாராயக் கடைகள் மீண்டும் திறந்தன. 1987 ஜனவரி 1 முதல் அவை மூடப்பட்டன.

அதே காலத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. முதலில் மொத்த விற்பனை. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கையில். இதனால் ஆலையில் தயாராகும் பீருக்கு உரிமமும் கடையும் இருக்கின்றன. மரத்தில் தானாக உருவாகும் கள்ளுக்கும், வாளியில் உருவாகும் வீட்டு பீருக்கும் இரண்டும் இல்லை.

கள்ளச்சாராயச் சாவுகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தது நொதித்த பானத்தால் அல்ல. மெத்தனால் கலந்த சாராயத்தால். தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனாலுக்கு பெயிண்ட் தின்னர் போன்ற உபயோகங்கள் உண்டு, குடிப்பதற்கானது அல்ல. உடலுக்குள் போனால் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் பார்வையையும் பிறகு உயிரையும் பறிக்கிறது. பீரோ கள்ளோ நொதிக்கும்போது உருவாகும் மெத்தனால் மிகச் சொற்பம்.

ஆனால் நொதிக்க வைப்பது வேறு, வாலை வடிப்பது வேறு. வடிக்கும்போது ஆல்கஹாலோடு மற்ற ரசாயனங்களும் செறிவாகின்றன. தீப்பிடிக்கும் ஆபத்தும் சேர்கிறது. வீட்டு பீரை அனுமதிக்கும் அமெரிக்காவிலேயே உரிமமின்றி வீட்டில் சாராயம் வடிக்க அனுமதி இல்லை.

தமிழ்நாட்டுச் சட்டம் இந்த இரண்டையும் ஒரே கூடையில்தான் போட்டிருக்கிறது. கள்ளக்குறிச்சிக்குப் பிறகு 2024-ல் வந்த திருத்தம் தண்டனைகளை இன்னும் கடுமையாக்கியது. கள்ளச்சாராயத்தால் மரணம் ஏற்பட்டால் ஆயுள் சிறை வரை உண்டு.

மற்ற இடங்களில் எப்படி?

இங்கிலாந்தில் வீட்டு பீருக்கு உரிமம் வேண்டும் என்ற விதி 1963-ல் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கேலன், அதாவது சுமார் 378 லிட்டர் வரை சொந்த உபயோகத்துக்கு வரியில்லாமல் பீர் தயாரிக்க வழிவிட்டது. விற்கக் கூடாது. அங்கும் மாநிலங்களுக்குத் தனி அதிகாரம் உண்டு. அலபாமாவும் மிசிசிப்பியும் 2013-ல்தான் அனுமதித்தன. ஜப்பானில் இன்றும், 1 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் உள்ள பானத்தை உரிமமின்றி வீட்டில் தயாரிக்க முடியாது.

இந்தியாவில் மது மாநிலப் பட்டியலில் இருப்பதால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பழங்குடி மக்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கு அரிசி பீர் தயாரித்துக்கொள்ளச் சில மாநிலங்கள் விலக்கு கொடுத்துள்ளன. ஜார்க்கண்டின் ஹண்டியா, அசாம் மிசிங் மக்களின் அபோங் எல்லாம் அந்த மரபில் வருபவை. அசாமின் திமாசா மக்கள் செய்யும் ‘ஜுடிமா’ அரிசி மதுவுக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உண்டு. ஆனால் அங்கும் வீட்டில் பீர் தயாரிக்கத் தாராள அனுமதி கிடையாது.

யாருக்கு என்ன நஷ்டம்?

வீட்டு பீர் ஆசை நிறைவேறாவிட்டால் ஐ.டி. ஊழியருக்குப் போவது ஒரு வார இறுதி ஹாபி. பனையேறிக்குப் போவது அதைவிடப் பெரியது. ஒரு சீசனில் காலையும் மாலையும் மரம் ஏறி இறங்குபவருக்கு, கள் விற்க முடியாது. பதநீரோ வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும் அல்லது காய்ச்சியாக வேண்டும். காய்ச்ச விறகும் ஆளும் வேண்டும். அப்படிக் காய்ச்சிய கருப்பட்டி, சர்க்கரை கலந்த மலிவுச் சரக்கோடு சந்தையில் போட்டி போட வேண்டும். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. மரத்துக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. மரம் ஏறுபவர் எண்ணிக்கைதான் குறைந்துகொண்டே போகிறது.

கள்ளை உணவுப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று விவசாய அமைப்புகள் பல ஆண்டுகளாகக் கேட்கின்றன. 2025 ஜூனில் நாம் தமிழர் கட்சியின் சீமான் தூத்துக்குடி மாவட்டம் பெரியதாழையில் பனை ஏறிக் கள் இறக்கிப் போராடினார். எதிர்த்தரப்பின் வாதமும் லேசானது அல்ல: அனுமதி கொடுத்தால் கலப்படத்தை எப்படித் தடுப்பது, ஏற்கெனவே குடியால் சீரழியும் குடும்பங்களுக்கு இன்னொரு கடை எதற்கு என்று அவர்கள் கேட்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 47-வது பிரிவும் மதுவிலக்கை நோக்கி முயலும்படியே அரசுக்குச் சொல்கிறது.

இந்த வழக்கு தீரும்வரை, நொதித்தலின் வித்தையைச் சட்டத்துக்குள் நின்று பழக விரும்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது. இட்லி மாவு, பழைய சோறு, தயிர், ஊறுகாய் எல்லாம் அதே நுண்ணுயிர் உலகம்தான். வீட்டில் ரொட்டி சுடப் பயன்படுத்தும் ஈஸ்ட்டும் ஏல் பீர் ஈஸ்ட்டும் ஒரே இனம். சீசனில் தேரிப் பக்கம் போனால், காலை எட்டு மணிக்குள் பனை ஓலைப் பட்டையில் பதநீர் கிடைக்கும். லேசாகச் சுண்ணாம்பு ருசி தட்டினால் பயப்பட வேண்டாம். கலயத்தில் பூசியதுதான்.