ஊமையான ரீடுக்கு ஜோடி தேடி

பங்குனி பிறந்துவிட்டால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் காட்டுவேலை குறைந்துவிடும். கரிசல் வெடித்துக் கிடக்கும். எம்.ரெட்டியபட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் அம்மனுக்குக் காப்புக் கட்டி, பொங்கல் வைத்து, அன்றிரவு ஸ்பெஷல் நாடகம் போடுவார்கள். பெரும்பாலும் வள்ளி திருமணம்தான். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் வேறொரு ஊர். இவர்களுக்குள் ஒத்திகை என்பதே கிடையாது. அந்த ராத்திரிக்கு என்று தனித்தனியாகப் பேசி அழைத்து வரப்பட்டவர்கள். விடியும்வரை இவர்களை ஒரே சுருதியில் பிடித்து வைத்திருப்பவர் மேடையோரத்துப் பெட்டிக்காரர். ஆர்மோனியம் வாசிப்பது, பின்பாட்டுப் பாடுவது, அடி மறந்த நடிகருக்கு அடி எடுத்துக் கொடுப்பது, எல்லாம் அவர் பாடு.

அந்தப் பெட்டிக்குள் ஒரு ரீடு போய்விட்டால் என்ன ஆகும்? ஒரு ராத்திரியைச் சமாளித்துவிடலாம். கெட்டிக்கார வாசிப்பாளர் அந்தக் கட்டையைத் தாண்டி விரலை ஓட்டிவிடுவார். மறுநாள் காலையில்தான் உண்மையான தொல்லை ஆரம்பிக்கிறது. ரீடு கடையில் கிடைக்கும். ஆனால் ஐம்பது, அறுபது வருஷமாக ஒன்றாக வாசிக்கப்பட்ட மற்ற ரீடுகளோடு குரல் ஒத்துப்போகிற ரீடு கிடைப்பது வேறு விஷயம்.

முதலில் ரீடு என்பது என்ன என்று பார்த்துவிடலாம். சிறிய பித்தளைத் தகடு, அதில் நீளவாக்கில் ஒரு வெட்டு. அந்த வெட்டுக்கு மேலே மெல்லிய பித்தளை நாக்கு ஒன்று. ஒரு முனை ரிவெட் அடித்து இறுக்கியிருக்கும், மறுமுனை சும்மா நிற்கும். நாக்கின் நுனி தகட்டிலிருந்து துளி மேலே தூக்கினாற்போல இருக்கும். துருத்தியிலிருந்து வரும் காற்று நாக்கை வெட்டுக்குள் தள்ளுகிறது. நாக்கு தன் விறைப்பால் திரும்புகிறது, காற்று மறுபடி தள்ளுகிறது. ஊஞ்சலை ஆள் நின்று தள்ளிவிடுவது போலத்தான், ஆனால் ஒரு கட்டை சுருதியின் சட்ஜத்தில் இந்த ஆட்டம் நொடிக்கு ஏறக்குறைய 262 தடவை. ஐந்து கட்டைக்கு 392. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காற்று விட்டுவிட்டுப் பீறிடுவதுதான் நம் காதில் விழும் சுரம்.

நாயனத்தில் சீவாளி அதிர்ந்தாலும் சுரத்தை முடிவு செய்வது குழலின் நீளம். ஆர்மோனியத்தில் குழலே இல்லை. நாக்கின் நீளமும் தடிமனும்தான் சுருதி. அதனால்தான் ஒரு பெட்டிக்குள் இவ்வளவு சுரத்தை அடைக்க முடிந்தது. வழக்கமான 42 கட்டைப் பெட்டியில் இரண்டு வரிசை ரீடு என்றால் 84 நாக்குகள். மூன்று வரிசை என்றால் 126. பேஸ், மேல், ஃபீமேல் என்று வரிசைகளுக்குப் பெயர்; பேஸும் மேலும் சேர்ந்தால் கனம், மேலும் ஃபீமேலும் சேர்ந்தால் கூர்மை.

1840-களின் தொடக்கத்தில் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் ஆர்மோனியம் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். காலால் மிதித்து, கையால் வாசிக்கிற மேசை வடிவம். இந்தியாவுக்குள் அது துரைமார் வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் வந்தது. சென்னையில் 1842-ல் மிஸ்க்வித் தொடங்கிய கடை, இன்றைய மியூசி மியூசிக்கல், மேற்கத்திய வாத்தியங்களை விற்று வந்த காலம் அது. பிறகு கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875-ல் துவார்கின் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் பெட்டியின் கால்களை வெட்டிவிட்டு, துருத்தியைப் பின்பக்கம் கொண்டுவந்து, தரையில் சம்மணம் போட்டு வாசிக்கிற பெட்டியாக அதை மாற்றினார். நாம் இன்று பார்ப்பது இந்தக் கைப்பெட்டிதான்.

தமிழ் நாடக மேடை மட்டும் கால்பெட்டியை விட மனமில்லாமல் வெகுகாலம் வைத்திருந்தது. காரணம் எளிது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசி வரிசைவரை சத்தம் போக வேண்டும். காலால் மிதித்தால் இரண்டு கையும் வாசிப்புக்கு மிச்சம், காற்றும் தாராளம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் பாலர் சபை தொடங்கிய காலத்தில் ஆர்மோனியம் இல்லாத நாடகம் கிடையாது. எஸ்.ஜி.கிட்டப்பாவுக்கு அவர் அண்ணன் காசி அய்யர்தான் பெட்டி. இந்த வட்டாரத்துக்கு நெருக்கமான பெயர் விஸ்வநாததாஸ். சிவகாசியில் 1886-ல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். முருகன் வேஷத்தில் தேசபக்திப் பாட்டுப் பாடிச் சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மயில்மீது அமர்ந்த கோலத்திலேயே மேடையில் உயிர்விட்டார். எங்கள் பக்கம் வள்ளி திருமணம் நடக்கும்போது அவர் பேச்சு வராமல் போகாது.

அந்த 1940 ஆர்மோனியத்துக்கும் பொல்லாத ஆண்டு. இந்த வாத்தியத்தில் கமகம் வராது, நம் சுருதிகள் இதற்குள் அடங்காது என்பது பழைய புகார். டெல்லி வானொலியில் மேற்கத்திய இசைப் பொறுப்பில் இருந்த ஜான் ஃபோல்ட்ஸ் 1938-ல் இதைக் கடுமையாக எழுதினார். தாகூருக்கும் இந்தப் பெட்டியைக் கண்டால் ஆகாது. அகில இந்திய வானொலி 1940 மார்ச் 1 முதல் ஆர்மோனியத்துக்குக் கதவைச் சாத்தியது. 1971-ல்தான், அதுவும் பாதி, திறந்தது. தடை போட்டவர்கள் சொன்ன இசைக் காரணம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். தோடியை இந்தக் கட்டைகளில் கேட்டவர்களுக்குத் தெரியும். ஆனால் கரிசல்காட்டு மேடைக்குத் தோடி அல்ல, உச்ச ஸ்தாயியில் நின்று பாடுகிறவருக்குக் கீழே விழாமல் ஒரு தரை வேண்டும். அதைத் தர ஆர்மோனியத்தை விட்டால் ஆளில்லை.

வானொலியைவிட உலகப் போர்தான் பெட்டிக்காரர்களை அதிகம் பாதித்தது. பாரிஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த ரீடுகளின் வழி அடைபட்டது. இன்று நம் நாட்டு ஆர்மோனியங்களுக்கு ரீடு என்றால் குஜராத்தின் பாலிதானாதான். சத்ருஞ்ஜய மலைக்குச் சமணர்கள் யாத்திரை போகும் அதே ஊர். பித்தளையை வெட்டி, நாக்கு சீவி, ரிவெட் அடித்து, சுருதி பார்த்து அனுப்புகிற பட்டறைகள் அங்கே உண்டு. டெல்லி ரீடும் கிடைக்கும், விலை மலிவு. பாரிஸ் ரீடு, ஜெர்மன் ஜுபிலேட் ரீடு என்ற பெயர்கள் பழைய பெட்டிகளோடு ஒட்டிக்கொண்டு இன்னும் உயிரோடு இருக்கின்றன. விற்கிறவர் இந்தப் பெயரைச் சொன்னாலே பெட்டியின் விலை ஏறிவிடும்.

இந்த மண்ணில் பெட்டி எதனால் கெடுகிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. கோடையில் காற்று காய்ந்து, பலகை சுருங்குகிறது. ரீடு பலகைக்கும் காற்றுப்பெட்டிக்கும் நடுவே முடி நுழையும் இடைவெளி விழுந்தால் போதும், துருத்தி எவ்வளவு தள்ளினாலும் மூச்சு நிற்காது. ஐப்பசி மழையில் அதே பலகை ஊதி, கட்டைகள் ஒன்றோடொன்று உரசி மாட்டிக்கொள்ளும். கட்டையின் வால்பக்கத்தில் ஓட்டையை மூடும் இடத்தில் மெல்லிய தோல் ஒட்டியிருப்பார்கள். அதை எலியும் கரப்பானும் விடுவதில்லை. தோல் போன இடத்தில், கட்டையைத் தொடாமலே ரீடு ஊளையிடும். கரிசல் புழுதி தனி. நாக்குக்கும் தகட்டு வெட்டுக்கும் இடையே உள்ள இடுக்கில் ஒரு துகள் சிக்கினால் ரீடு ஊமை. இதை ரீடு போய்விட்டது என்று நினைத்து விலை கொடுத்து மாற்றியவர்கள் நிறைய. மெல்லிய தாளை நாக்கின் கீழே விட்டு இழுத்திருந்தால் சரியாகியிருக்கும்.

உண்மையாகவே ரீடு போவது பித்தளை களைத்துத்தான். நாக்கு ரிவெட்டுக்குப் பக்கத்தில், வளைகிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடுகிறது. வெடிப்பு விட்டதும் விறைப்பு குறைகிறது. சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. காது உள்ள வாசிப்பாளர் இதை வைத்தே, இந்தக் கட்டை இன்னும் சில மேடைதான் தாங்கும் என்று சொல்லிவிடுவார். எந்த ரீடு முதலில் போகும் என்பதும் ஊகிக்கக்கூடியதே: அவர் வழக்கமாகப் பாட்டெடுக்கும் சுருதியின் சட்ஜமும் பஞ்சமமும். ஓரத்துக் கட்டைகள் பேரன் காலம்வரை புதிதாகவே இருக்கும்.

இனி மாற்று தேடும் படலம். கைப்பெட்டி என்றால் ரீடுகள் இரண்டு சின்னத் திருகுகளால் பலகையில் இறுக்கப்பட்டிருக்கும். பாலிதானா ரீடை எடுத்து வைத்தால், தகட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டர் கூட இருந்தாலும் பக்கத்து ரீடில் இடிக்கும். திருகு ஓட்டைகளின் தூரமும் ஒத்துவராது. மேற்கே பழைய ஆர்ச்டாப் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடுதான்: கம்பிகள் கட்டியிருக்கும் வால்பக்க உலோகச் சட்டம் உடைந்தால் புதுச் சட்டம் கிடைக்கும், பழைய திருகு ஓட்டையில் அது உட்காராது. ஓட்டையைப் புதிதாகத் துளைத்தால் பழம்பொருளின் மதிப்பு போச்சு.

பழைய கால்பெட்டிகளில் இன்னொரு கண்ணி உண்டு. பிரெஞ்சு முறைப் பெட்டி காற்றை ரீடுக்குள் தள்ளும். அமெரிக்க ஆர்கன் காற்றை ரீடு வழியாக உறிஞ்சும். அதில் ரீடுகளுக்குத் திருகே கிடையாது, பள்ளத்தில் செருகி வைத்திருப்பார்கள், கொக்கி போட்டு இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி மிதிபலகையும் கட்டையும்தான். மிஷன் பள்ளியில் ஏலம் விட்ட ஆர்கன் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி, அதன் ரீடுகளை நாடகப் பெட்டிக்குப் போடலாம் என்று கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

ஆகவே அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன் பழைய பெட்டிகளைத் தேடுவார்கள். அதே காலத்து, அதே வகை ரீடு போட்ட, துருத்தி கிழிந்து பரணில் கிடக்கிற ஒரு பெட்டி. அதன் நடுக்கட்டைகள் தேய்ந்திருந்தாலும் பக்கத்துச் சுரங்கள் நன்றாக இருக்கும். வேண்டியது ஐந்து கட்டை ரீடு என்றால் நாலரைக் கட்டை ரீடை எடுத்து அரைச் சுரம் ஏற்றிக்கொள்ளலாம். அதே வயது, அதே உலோகம். குரல் தனித்துத் தெரியாது. புது ரீடு ஒன்றை நடுவில் போட்டால், சுருதி சுத்தமாகச் சேர்ந்திருந்தாலும், அந்த ஒரு கட்டை மட்டும் கூட்டத்தில் வெளியூர்க்காரர் பேசுவது போலக் காதில் தட்டும்.

மற்ற சாமான்களுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. தோலுக்குத் திண்டுக்கல் பக்கம். பதனிட்ட மெல்லிய ஆட்டுத்தோல் போதும், தடிமன் எல்லாக் கட்டைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. கட்டைக்குக் கீழே உள்ள வில்லை எஃகுக் கம்பியில் கையாலேயே வளைத்துக்கொள்ளலாம். தளர்ந்த திருகு ஓட்டையில் தீக்குச்சியை வஜ்ஜிரம் தடவி இறக்கி, காய்ந்தபின் பழைய திருகையே போடுவார்கள். பெரிய திருகைப் போட்டு இறுக்குவது சோம்பேறி வேலை, பலகை பிளந்துவிடும்.

ரீடை இறக்கியபின் சுருதி சேர்ப்பது பார்க்க வேண்டிய காட்சி. நாக்கின் கீழே தகட்டு முனையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, பழுதுபார்ப்பவர் கூர்மையான சுரண்டியால் நுனியை இரண்டு இழுப்பு இழுப்பார். நுனியின் எடை குறைந்து சுருதி ஏறும். ரிவெட் பக்கம் சுரண்டினால் விறைப்பு குறைந்து இறங்கும். பிறகு அந்த ரீடையும், சரியாக இருக்கிற ஜோடி ரீடையும் சேர்த்து ஒலிக்கவிட்டுக் கேட்பார். ஒன்று 440, மற்றது 442 என்றால் நொடிக்கு இரண்டு முறை ஒலி எழும்பித் தாழும். வௌ வௌ என்று ஓர் அலை. சுரண்டச் சுரண்ட அலை நீளும், மெதுவாகும், கடைசியில் நின்றுவிடும். அதிகமாகச் சுரண்டினால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அதனால் ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு பொறுமையாகக் கேட்பார். நாக்கு கைச்சூடு ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் விடுவதும் உண்டு, ஏனென்றால் சூட்டில் பித்தளையின் சுருதி லேசாக இறங்கும். நாக்கின் நுனித் தூக்கலையும் பார்க்க வேண்டும். அதிகம் தூக்கியிருந்தால் ரீடு தாமதமாகப் பேசும். படிந்திருந்தால் வேகமாகத் துருத்தி தள்ளும்போது அடைத்துக்கொண்டு பேசவே பேசாது. மேடைப் பெட்டிக்குக் கொஞ்சம் தூக்கலாக வைப்பார்கள், ராஜபார்ட் பாட்டுக்குத் தள்ளுகிற தள்ளு அப்படி.

இப்போது பல மேடைகளில் கீபோர்டு வந்துவிட்டது. அதனால் பரண் ஏறும் பெட்டிகள் கூடியிருக்கின்றன, உதிரிக்கு அது வசதி. வீட்டில் பழைய பெட்டி இருந்து ரீடு போயிருந்தால், உடைந்த ரீடைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். உடைந்த நாக்கோடு அப்படியே ஒரு தீப்பெட்டியில் போட்டு, எந்த வரிசை, இடமிருந்து எத்தனையாவது கட்டை என்று சீட்டில் எழுதி வையுங்கள். தகட்டின் நீளம், அகலம், இரண்டு திருகு ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம், இந்த மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மதுரையிலோ வேறெங்கோ பழுதுபார்ப்பவரிடம் போகும்போது, பக்கத்தில் நன்றாக இருக்கும் ரீடு ஒன்றையும் கழற்றிக் கையில் கொண்டு போனால், அவர் தன் டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வாயால் ஊதிப் பார்த்தே ஜோடி கண்டுபிடித்துவிடுவார்.