எழுத்தாய் நின்ற எண்

இரு பாடங்களின் மதிப்பெண்களைப் பெற்று மொத்தம் காட்டும் நிரல் ஒன்றைப் பைத்தான் மொழியில் எழுதுகிறோம். 45, 40 என உள்ளிடுகிறோம். 85 என்னும் விடையை எதிர்நோக்கும் நம் முன் 4540 தோன்றுகிறது. கணினி கூட்டலில் தவறியதா? இல்லை, நாம் கொடுத்ததை எண் என்றே அது கொள்ளவில்லை.

விசைப்பலகைவழி வரும் உள்ளீட்டைப் பெற்றுத்தரும் ‘இன்புட்’ என்னும் செயற்கூறு, எதனையும் சரமாகவே, அதாவது எழுத்துகளின் தொடராகவே தரும். கூட்டல் குறி எண்களுக்கு இடையில் நின்றால் கூட்டும். சரங்களுக்கு இடையில் நின்றால் ஒட்டும். உள்ளீடுகளை ‘இன்ட்’ என்னும் செயற்கூற்றால் முழு எண்களாக மாற்றியபின் கூட்டினால் 85 கிடைக்கும்.

விடையை வெளியிடும்போது மற்றொரு சிக்கல் எழலாம். ‘மொத்தம்’ என்னும் சரத்தோடு 85 என்னும் எண்ணைக் கூட்டல் குறியால் இணைத்தால், பைத்தான் ‘டைப் எரர்’ என அறிவித்து நின்றுவிடும். கூட்டுவதா, ஒட்டுவதா என்பதை அது தானாக ஊகிப்பதில்லை. எண்ணை ‘எஸ்டிஆர்’ செயற்கூற்றால் சரமாக்கினால் சிக்கல் தீரும்.

மாற்றம் இயலாதபோது ‘வேல்யூ எரர்’ தோன்றும். 45.5 என்னும் சரத்தை ‘இன்ட்’ ஏற்காது; ‘ஃப்ளோட்’ ஏற்கும். ‘நாற்பது’ எனச் சொல்லால் எழுதினால் இரண்டுமே ஏற்கா. ஆயினும், ௪௫ எனத் தமிழ் இலக்கங்களால் உள்ளிட்டால் ‘இன்ட்’ அதனை 45 எனவே கொள்ளும். ஒருங்குறியில் அவை பதின்ம இலக்கங்களாக வகைப்படுத்தப்பட்டிருப்பதே காரணம். பத்தைக் குறிக்கும் ௰ அவ்வகையில் சேராமையால் ஏற்கப்படாது.

பிழைச்செய்தியைக் கண்டு அஞ்ச வேண்டா. அதன் இறுதி வரி பிழையின் வகையையும், அதற்கு மேலுள்ள பகுதி பிழை நேர்ந்த வரியின் எண்ணையும் கூறும். அஞ்சத்தக்கது, செய்தியே தராத பிழைதான். 100, 35 என்னும் மதிப்பெண்களைச் சரங்களாகவே ஒப்பிட்டால், 35 பெரிது என விடை வரும். அகராதி முறைப்படி முதலில் நிற்கும் 1, 3 ஆகியவையே ஒப்பிடப்படுகின்றன. நூறு பெற்ற மாணவர் பின்தள்ளப்படுவார். திரையில் எந்த எச்சரிக்கையும் தோன்றாது. 45, 40 ஆகியவற்றை ஒப்பிடும்போதோ விடை தற்செயலாகச் சரியாக அமைய, பிழை மறைந்தே கிடக்கும்.

ஆதலால், உள்ளீட்டைப் பெற்ற இடத்திலேயே உரிய தரவினத்திற்கு மாற்றுக. ஐயம் எழுந்தால் ‘டைப்’ செயற்கூற்றால் இனத்தை அறிக. இலக்க எண்ணிக்கை வேறுபடும் எண்களையும் உள்ளிட்டுச் சரிபார்த்த பின்னரே நிரலைப் பிறர் பயன்பாட்டிற்குத் தருக.