நோயுற்ற மனைவியும் கணவன் கடமையும்

ஸ்திரீகளின் மார்பில் உண்டாகும் புற்றுநோய், வைத்தியருக்கும் நோயாளிக்கும் மட்டுமே உரிய விஷயமென்று ஆண்மக்களில் பலர் கருதுகின்றனர். ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டால் கணவன் கடமை தீர்ந்தது என்பது அவர்கள் எண்ணம். இது தவறு என்பதற்கு இந்நூற்றாண்டின் ஆராய்ச்சிகள் போதிய சாட்சியம் தருகின்றன. 2022-ம் வருஷத்தில் உலகில் ஏறக்குறைய 23 லக்ஷம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. சுமார் 6,70,000 பேர் மாண்டனர். இந்தியாவில் மட்டும் சுமார் 1,92,000 பேருக்குக் கண்டது. ஆகவே இது எவர் வீட்டிலும் நேரக்கூடியதே.

2013-ல் அமெரிக்க வைத்திய நிபுணர்கள் சிலர் வெளியிட்ட ஆராய்ச்சியை முதலில் கவனிப்போம். 2004 முதல் 2008 வரை பத்துவிதப் புற்றுநோய்களுக்கு ஆளான 7,34,889 பேரின் விவரங்களை அவர்கள் பரிசீலித்தார்கள். மார்புப் புற்று அப்பத்தில் ஒன்று. விவாகமானவர்கள் நோயால் மரணமடைவது மற்றவர்களைவிட நூற்றுக்கு 20 வீதம் குறைவாயிருந்தது. நோய் உடலெங்கும் பரவுமுன்பே வைத்தியரை அடைந்தவர்களும், உரிய சிகிச்சை பெற்றவர்களும் அவர்களிலேயே அதிகம்.

"விவாகமானவர்களிடம் பணம் அதிகம், அதனாலேயே பிழைக்கிறார்கள்" என்று ஒருவர் ஆக்ஷேபிக்கலாம். நியாயமான ஆக்ஷேபமே. ஆனால் கலிபோர்னியா மாகாண நோயாளிகளைப் பற்றி 2016-ல் வெளியான ஆராய்ச்சி இதற்கு விடையளித்தது. பொருள் வசதி இவ்வித்தியாசத்தின் ஒரு சிறு பகுதிக்கே காரணம் என்று அங்கே காணப்பட்டது.

ஆயினும் விவாகம் என்ற பெயரே மருந்தாகிவிடாது. மார்புப் புற்று கண்ட 2,835 அமெரிக்க நர்ஸுகளைப் பற்றிய ஆராய்ச்சி 2006-ல் வெளியாயிற்று. சுற்றமின்றித் தனித்திருந்தவர்கள் அந்நோயால் மரணமடைவது, சுற்றம் நிறைந்தவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்காயிருந்தது. நெருங்கிய உறவினர், நண்பர், குழந்தைகள் ஆகியோரின் துணையே அங்கு உதவியதாகத் தெரிந்தது. துணையென்பது ஒருவர் உண்மையில் செய்யும் காரியமேயன்றி, அவர் வகிக்கும் ஸ்தானமன்று.

இனி, புருஷ வர்க்கம் தலைகுனிய வேண்டிய கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூளைக் கட்டி, புற்றுநோய் முதலிய கொடிய வியாதிகள் கண்ட 515 அமெரிக்க நோயாளிகளின் இல்வாழ்க்கையை ஆராய்ந்து 2009-ல் முடிவு வெளியிட்டார்கள். நோயாளி கணவனாயிருந்தபோது நூற்றுக்கு 2.9 தம்பதிகளே பிரிந்தனர். நோயாளி மனைவியாயிருந்தபோதோ நூற்றுக்கு 20.8 பிரிந்தனர். முன் சொன்ன 2013-ம் வருஷத்து ஆராய்ச்சியிலோ, விவாகத்தால் அதிக நன்மை அடைந்தவர்கள் ஆண்களே! மனைவியின் பணிவிடையால் பிழைப்பவன், அவளுக்கு நோய் வந்தபோது விலகி நிற்பானாயின் அதைவிட அநீதி வேறில்லை. விவாகரத்துச் செய்யாமலே விலகி நிற்பவர்களும் உண்டு; அவர்களை எந்தக் கணக்கும் எண்ணுவதில்லை.

இக்குறை நீக்கக்கூடியதே. அமெரிக்காவில் ஆரம்ப நிலை மார்புப் புற்று கண்ட 238 ஸ்திரீகளிடம் நடத்தி, 2005-ல் முடிவு வெளியிட்ட பரீக்ஷையில், அவர்களில் ஒரு பகுதியினரைக் கணவருடன் சேர்த்துக் கூட்டி, மனம் விட்டுப் பேசவும் ஒருவருக்கொருவர் ஆதரவாயிருக்கவும் பழக்கினார்கள். அந்த ஸ்திரீகளின் மனச்சோர்வு குறைந்தது. கணவனிடம் ஆதரவில்லை என்று எண்ணியிருந்தவர்களே அதிகப் பலனடைந்தார்கள்.

"பயப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்" என்று பேச்சை முடித்துவிடுவதை நம்மவர்கள் தைரியமென்று நினைக்கிறார்கள். உண்மையில் அது மனைவியின் வாயை அடைப்பதாகும். அவள் அஞ்சுவதைச் சொல்லவிட்டுக் கேட்பதே ஆறுதல். வைத்தியரிடம் உடன் செல்ல வேண்டும். அவர் சொல்வதைக் கவனித்துக் கேட்க வேண்டும். மருந்தின் உபத்திரவத்தில் அவள் படுத்திருக்கும் நாட்களில் அடுப்பையும் குழந்தைகளையும் தானே ஏற்க வேண்டும். ரண சிகிச்சையால் மாறிய உடலைக் கண்டு முகம் சுளிக்கலாகாது.

ஸ்திரீகளின் சமத்துவத்தைப் பற்றி மேடைகளில் முழங்கும் அன்பர்கள் நம்மிடையே பலர். அவர்களுடைய கொள்கைக்குப் பரீக்ஷை கூட்டத்திலன்று, நோயுற்ற மனைவியின் கட்டிலருகிலேயே நடக்கிறது. அதில் அவர்கள் தேறவேண்டுமென்பது நமது விருப்பம்.