குடிலிலிருந்து குடிலுக்கு: மோன் பிளாங்கைச் சுற்றிப் பதினொரு நாள்கள்

மலையின் உச்சிக்கு ஏறாமல் அதன் அடிவாரத்தைச் சுற்றி வருவது நமக்குப் புதிதன்று. திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில், மோன் பிளாங்க் மலைத்திரளைச் சுற்றிச் செல்லும் பாதையோ ஏறத்தாழ 170 கிலோமீட்டர். பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளைத் தொட்டுச் செல்லும் இப்பாதையில், ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 10,000 மீட்டர் அளவுக்கு வரும். நாம் வலமாகச் சுற்றுவோம். அங்கே பெரும்பாலோர் இடமாகச் சுற்றுகின்றனர்.

மோன் பிளாங்க் சிகரத்தின் உயரம் ஏறத்தாழ 4,800 மீட்டர். ஜெனீவாவைச் சேர்ந்த அறிவியலாளர் சொசூர், இச்சிகரத்துக்கு வழி காண்போருக்குப் பரிசளிப்பதாக 1760-இல் அறிவித்தார். பால்மா, பக்கார் என்னும் இருவர் உச்சியை அடைந்தது 1786-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் நாள். மறு ஆண்டு சொசூரும் ஏறினார். அவர் இம்மலையைச் சுற்றியும் நடந்தவர்.

கல்லூரியில் வணிகவியல் வகுப்பில் ஒரே வரிசையில் அமர்ந்தவர்கள் நாங்கள் ஐவர். இன்று மும்பை, ஐதராபாத், கோவை எனப் பிரிந்து வாழ்கிறோம். அனைவரும் நாற்பதைக் கடந்தவர்கள். கூட்டம் சற்றுக் குறையும் செப்டம்பர் முதல் வாரத்தில், பிரான்சின் லெ ஊஷ் என்னும் ஊரிலிருந்து நடக்கத் தொடங்கினோம்.

இப்பாதையின் சிறப்பு, வழியெங்கும் உள்ள மலைக்குடில்கள். கூடாரமும் அடுப்பும் சுமக்க வேண்டியதில்லை. பொதுவான படுக்கை அறை, இரவு உணவு, காலை உணவு ஆகிய மூன்றும் ஒரே கட்டணத்தில் அடங்கும். காலணிகளை வாயிலிலேயே கழற்றிவிட வேண்டும். போர்வை குடிலில் கிடைக்கும்; உள்விரிப்புப் பையை நாமே கொண்டு செல்ல வேண்டும். சில குடில்களில் வெந்நீர்க் குளியலுக்கு டோக்கன் உண்டு; சில நிமிடங்களில் நீர் நின்றுவிடும். மாலை ஏழு மணியளவில் நீண்ட மேசையில் அனைவரும் சேர்ந்து உண்பர். பத்து மணிக்கு விளக்கு அணைந்துவிடும். சைவ உணவு வேண்டுவோர் முன்பதிவின்போதே தெரிவித்தல் நலம். எங்களில் ஒருவர் கொண்டுவந்த பருப்புப்பொடி, இத்தாலியர் ஆக்கித் தந்த சோளக்களியோடு நன்கு பொருந்தியது.

நான்காம் நாள், கூர்மாயர் நகருக்கு இறங்கும் செங்குத்தான பாதையில் எங்கள் நண்பர் ஒருவரின் முழங்கால் வலிக்கத் தொடங்கியது. ஐந்தாம் நாள் மாலை, புகழ்பெற்ற மலையேறி வால்டர் பொனாட்டியின் பெயர் தாங்கிய குடிலை அடைந்தபோது கால் வீங்கியிருந்தது. மறுநாள் கடக்க வேண்டியதோ 2,537 மீட்டர் உயரமுள்ள கிராண்ட் கோல் ஃபெரே கணவாய். அதற்கு அப்பால் சுவிட்சர்லாந்து, நீண்ட இறக்கம். பிற்பகலில் இடிமழை வரும், நண்பகலுக்குள் கணவாயைக் கடந்துவிடுங்கள் என்று குடிலின் பொறுப்பாளர் எச்சரித்தார்.

அன்றிரவு மேசையில் மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன. ஐவரும் ஒரு நாள் தங்கலாம். ஆனால் அடுத்து வரும் குடில்களில் எல்லாம் முன்பணம் கட்டிப் பெற்ற படுக்கைகள் கைவிட்டுப் போகும். ஐவரும் மெதுவாக நடக்கலாம். ஆனால் இடிமழை வரும் வேளையில் மரமற்ற கணவாயில் நிற்க நேரிடும். மூன்றாவது வழி, பிரிந்து செல்வது. “ஐந்து பேரும் வந்தோம், ஐந்து பேரும் சேர்ந்தே போவோம்” என்று ஒருவர் பிடிவாதமாகச் சொன்னார். வலியோடு இருந்தவர்தாம் முடிவைக் கூறினார்: “உங்களுக்குப் பாரமாக மலை ஏறுவதைவிட, நான் பஸ் ஏறுவது நல்லதுடா.”

அவரைத் தனியே அனுப்ப எங்களுக்கு மனமில்லை. மற்றொரு நண்பர் துணைக்குக் கிளம்பினார். இருவரும் காலையில் பள்ளத்தாக்குச் சாலைக்கு இறங்கி, பேருந்தில் கூர்மாயர் சென்று, அங்கிருந்து 1965-இல் திறக்கப்பட்ட மோன் பிளாங்க் சுரங்கப்பாதை வழியே பிரான்சின் ஷாமொனி நகரை அடைந்து மருத்துவரைக் கண்டனர். நாங்கள் மூவரும் விடியலில் புறப்பட்டுப் பத்து மணிக்குக் கணவாயில் நின்றோம். லா ஃபூலி ஊரை அடைந்த ஒரு மணி நேரத்தில் மலை இடித்தது. மேலே எவரும் இருக்கக் கூடாதே என்ற எண்ணமே எங்களுக்கு இருந்தது.

ஏழாம் நாள் மாலை, ஷாம்பே ஏரிக்கரையில் அவ்விருவரும் எங்களுக்காகக் காத்திருந்தனர். ஷாமொனியிலிருந்து மார்ட்டினி வரை ரயில், பின்னர் ஒர்சியேர் வரை மற்றொரு ரயில், அதன்பின் பேருந்து. இறக்கங்களைத் தவிர்க்குமாறு மருத்துவர் சொல்லியிருந்ததால், எஞ்சிய நாள்களில் அவர் பேருந்திலும் ரயிலிலும் வந்தார். இரவு உணவுக்கு மட்டும் ஒருநாளும் ஐவரில் ஒருவர் குறையவில்லை.

இத்தகைய பயணம் மேற்கொள்ள விரும்பும் வாடிக்கையாளர்களுக்குச் சில குறிப்புகள்:

மூன்று நாடுகளுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். அதிக நாள்கள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். அக்காப்பீட்டில் மலைநடையும் ஹெலிகாப்டர் மீட்பும் அடங்குமா, எவ்வளவு உயரம் வரை அடங்கும் என்பதை நிபந்தனைகளில் படித்துப் பாருங்கள். மருத்துவர் தந்த ரசீதை நண்பர் பத்திரப்படுத்தியதால் அவருக்கு இழப்பீடு கிடைத்தது. அவசர உதவிக்கு மூன்று நாடுகளிலும் 112 என்ற எண் செயல்படும்.

பணத்தின் பெரும்பகுதி ஃபாரெக்ஸ் அட்டையில் இருக்கட்டும். எனினும் சில குடில்கள் ரொக்கத்தையே ஏற்கும் என்பதால் யூரோவும் சுவிஸ் ஃபிராங்கும் கையில் வேண்டும். பயணம் ஒன்றுக்குப் பொதுவாக 3,000 டாலர் மதிப்புவரை வெளிநாட்டு நோட்டுகளாகப் பெறலாம். அட்டை இயந்திரம் ரூபாயிலா, யூரோவிலா என்று கேட்டால் அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே அமையும். ஊர் திரும்பியபின் 2,000 டாலர் மதிப்புக்கு மேல் எஞ்சிய நோட்டுகளை 180 நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும்.

நண்பர்களோடு செல்வோர் பொதுப்பணத்துக்கு ஒரு கணக்கும், அதற்கு ஒரு விதியும் முன்பே வகுத்துக்கொள்ளுங்கள். எங்கள் விதி, வழியில் ஒருவருக்கு நேரும் செலவு ஐவருக்கும் உரியது என்பது. சுரங்கப்பாதைப் பேருந்துக் கட்டணத்தையும், லா ஃபூலியில் வெறுமையாய்க் கிடந்த இரு படுக்கைகளின் வாடகையையும் தாமே தருவதாக நண்பர் பலமுறை வாதாடினார். கணக்குப் புத்தகத்தை அவரிடம் காட்டினோம். முதல் பக்கத்தில் அவ்விதிக்குக் கீழே முதல் கையொப்பம் அவருடையதாகவே இருந்தது.